ஆடியில் காலியான முன்கட்டு

ஆடி 2, வெள்ளி

விடியற்காலையிலிருந்து பேய்க்காற்று. துவைத்துப் போட்ட புடவை முழுக்க மண். மறுபடி அலசல்.

கோமதி குடும்பம் கிளம்பியாயிற்று. அவள் வீட்டுக்காரருக்கு போஸ்ட் ஆபீஸ் வேலை, சேலத்துக்கு மாற்றல். சர்க்கார் உத்தியோகத்துக்கு ஆடியாவது மார்கழியாவது. இரண்டு வண்டி நிறையச் சாமான். அதில் ஆள் உயர நிலைக்கண்ணாடி ஒன்று. இத்தனை வருஷம் ஒரே கூரையில் இருந்தோம், அப்படி ஒன்று இருப்பதாக அவள் மூச்சு விடவில்லை.

வண்டி ஏறுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வூட்ட விட்டுப் போறதுக்குத்தான் மனசே வரல சரசு." எனக்கும் கண்ணில் தண்ணீர். அவள் நினைத்த காரணத்துக்காக அல்ல. முன்கட்டு காலி! சிரித்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

முன்கட்டில்: தெருப் பக்கம் இரண்டு ஜன்னல். நாலு பேர் வந்தால் உட்காரக் கூடம். கதவு போட்ட ஓர் அறை. அடுப்படியில் புகைபோக்கி.
பின்கட்டில்: ஓர் உள் அறை. ஓர் அடுப்படி. புகை. நான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், முன்கட்டுக்கு வாடகை எங்களைவிடக் கம்மி. உலகச் சண்டைக் காலத்தில் வீட்டுச் சொந்தக்காரர் ஏற்றிக் கேட்டார். கோமதி வீட்டுக்காரர் நேரே தாலுகா ஆபீசுக்குப் போய் மனுப் போட்டார். கன்ட்ரோல் சட்டப்படி பழைய வாடகைதான், ஏற்றக் கூடாது, காலி பண்ணவும் சொல்லக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு மனுப் போடுங்கள் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். இவர் புளி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். "நாளைக்கி அவரு மொகத்துல எப்படி முழிக்கறது" என்று இருந்துவிட்டார். அவர் முகத்தில் முழிப்பதற்கு நாங்கள் மாதாமாதம் கட்டுகிறோம்.

என் மகள் ஜானகியைப் பெண் பார்க்க கிருஷ்ணகிரியிலிருந்து ஆவணியில் வருகிறோம் என்றிருக்கிறார்கள். அவர்களை எங்கே உட்கார வைப்பது? அடுப்படியிலா?

முன்கட்டு எனக்கு வேண்டும்.

ஆடி 5, திங்கள்

காற்று குறையவில்லை. ரேஷனில் அரிசி இல்லை, கேழ்வரகு. களி.

வீட்டுக்காரர் (சொந்தக்காரர் நஞ்சப்பர், இனி வீ.கா.) சாயங்காலம் பின்பக்கமாக வந்தார். முன்பக்கம் வந்தால் யாராவது பார்ப்பார்களாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கன்னடம் கலந்த பேச்சு.

"நோடம்மா, காலியானா உடனே தாலுகா ஆபீசுக்கு எழுதிப் போடணுமாம். எழுதினா அவங்க இஷ்டத்துக்கு ஒரு சர்க்கார் ஆளக் கொண்டாந்து உக்கார வெப்பாங்க. அதே பழைய வாடகை. ஓடு மாத்தற கூலி என்னா ஆச்சு? கெணறு தூர் வாரற கூலி என்னா ஆச்சு? எல்லாம் ஏறிப்போச்சு, என் வாடகை மட்டும் அங்கயே நிக்குது."

அவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனாலும் எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. ஏற்பாடு இதுதான்: அவர் எழுதிப் போட மாட்டார். நாங்கள் சத்தமில்லாமல் முன்கட்டுக்குப் போய்விட வேண்டும். பின்கட்டை அவர் தன் விலைக்கு வேறு யாருக்காவது விடுவார். சாவியை என்னிடமே கொடுத்தார். "இன்னிக்கே போயிடுங்க. பேட அன்னபேடி, வேணாம்னு சொல்லாதீங்க."

இன்றைக்கேயா? ஆடியில் பால் காய்ச்சிக் குடி போகிறவர்கள் உண்டா? கல்யாணத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு? ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் போகிறோம் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

சாவி இடுப்பில். அடிக்கடி தொட்டுப் பார்த்தேன்.

ஆடி 9, வெள்ளி

மாரியம்மன் கோவிலில் கூழ். வெயில் முதுகை உரித்தது.

வள்ளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் முடியாது.

என் தங்கை. அவள் வீட்டுக்காரர் சுந்தரம் சப்ளை ஆபீசில் கிளார்க். சித்திரையில் பாலக்கோட்டிலிருந்து இங்கே மாற்றல். ஊரில் ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் காலி இல்லை. சண்டைக்குப் போய்த் திரும்பியவர்கள், புதிதாக முளைத்த ஆபீஸ்கள், எல்லாருக்கும் வீடு வேண்டும். "ஒரு வாரந்தாங்க்கா" என்று கைக்குழந்தையோடு வந்தாள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. ஒரே உள்ளில் நாங்கள் மூன்று பேர், அவர்கள் மூன்று பேர். வீடு கேட்டு சுந்தரம் பெயர் தாலுகா ஆபீஸ் பட்டியலில் இருக்கிறதாம். பட்டியல் நகர்வதில்லை.

வள்ளிக்கு: சர்க்கார் புருஷன். ஆண் குழந்தை. இடுப்பு வரை முடி. அப்பா செத்துப்போகுமுன் கொடுத்த வெள்ளைக்கல் தோடு. (எனக்கு ஆசீர்வாதம்.) இந்தப் புகையிலும் கண் சிவக்காத முகம்.

சண்டையும் போட மாட்டாள். நான் எழுமுன் தண்ணீர் இறைத்து வைத்திருப்பாள். கெட்டவளாக இருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம்.

கூழ் வாங்க வரிசையில் நிற்கும்போது சொன்னாள்: "ஆடியெல்லாம் பாக்காதக்கா. மொதல்ல உள்ள போயி உக்காரு. ஊரு கெடக்கற கெடப்புல காலி வூட்ட இப்புடிப் போட்டு வெக்கறது தப்பு."

"உனக்கு எடம் பத்தலேன்னா நேரா சொல்லு."

அவள் முகம் விழுந்துவிட்டது. பிறகு வீடு வரும் வரை குழந்தையிடம்தான் பேசினாள். நான் கேட்டதில் தப்பு என்ன? நாங்கள் முன்கட்டுக்குப் போனால் அவளுக்கும்தானே அங்கே இடம் தாராளம்.

இருட்டு வீடாகக் கிடக்கக் கூடாது என்று தினமும் வாசல் தெளித்து, கோலம் போட்டு, சாயங்காலம் கூடத்தில் ஒரு விளக்கு ஏற்றி வைத்துவிட்டு வருகிறேன். ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் உட்காருவேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்போது சும்மா இருந்தாலும் ராணி மாதிரி இருக்கிறது.

ஆடி 13, செவ்வாய்

நேற்றிலிருந்து வீட்டுக்கு விலக்கு. கொல்லைத் தாழ்வாரத்தில் தனிப்பாய், தனித்தட்டு. மாடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

முன்கட்டு விளக்கு? மூன்று நாள் இருட்டாகப் போடவா? ஜானகியை அனுப்பலாம் என்றால், வயசுப் பெண் விளக்கு வைக்கும் நேரத்தில் காலி வீட்டுக்குள் தனியாகப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. வள்ளியைக் கூப்பிட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டேன். தீட்டு இல்லையா, கையில் கொடுக்கக் கூடாது. தரையில் விழுந்ததைக் குனிந்து எடுத்தாள். அது எனக்கு நன்றாக இருந்தது. இதையெல்லாம் எழுதலாமா? எழுதினேன்.

சாயங்காலம் அவள் கோலம் போட்டதைக் கொல்லையிலிருந்து பார்க்க முடியவில்லை. ஜானகி வந்து சொன்னாள்: "சின்னம்மா தாமரக் கோலம் போட்டிருக்குதும்மா. தெருவுல எல்லாரும் நின்னு பாக்கறாங்க." என் புள்ளிக் கோலத்தை ஒரு நாளும் யாரும் நின்று பார்த்ததில்லை.

ஆடி 15, வியாழன்

தலைக்குக் குளித்தாயிற்று. தலை காய்வதற்குள் இடி.

நேற்று சாயங்காலம் நடந்ததாம். எனக்கு இன்று காலைதான் சொல்கிறார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தெருவோடு போயிருக்கிறார். போஸ்ட் ஆபீஸ்காரர் காலி பண்ணிய வீடு என்று அவருக்குத் தெரியும். உள்ளே விளக்கு, வாசலில் பெரிய கோலம். நின்றுவிட்டார். வள்ளி திரியைத் தூண்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"யாரும்மா இருக்கறது இங்க?"

இவள் சொன்னது: "நாங்கதாங்க இருக்கறோம்."

"நாங்கன்னா?"

"சப்ளை ஆபீசு சுந்தரங்க. அவங்க வூட்டுக்காரிங்க நானு."

இன்ஸ்பெக்டர் நேரே வீ.கா. வீட்டுக்குப் போய்விட்டார். எழுதிப் போடாமல் எப்படி ஆள் வைத்தாய், கேஸ் போடட்டுமா என்று கேட்டிருக்கிறார். வீ.கா. உடனே, "சர்க்கார் ஆளுக்குத்தானுங்க வெச்சிருந்தேன், நாளைக்கி எழுதலாம்னு இருந்தேன்" என்று பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார். அந்தப் பட்டியலில் சுந்தரம் பெயர் முன்னாலேயே இருக்கிறது. ஆயிற்று. முன்கட்டு சுந்தரத்துக்கு. அதுவும் பழைய வாடகைக்கு.

வள்ளி அழுகிறாள். "எங்கக்கா வூடுன்னு சொன்னா வம்பாப் போயிடும்னு நெனச்சேங்க்கா. சர்க்கார் பேரு சொன்னா உட்டுட்டுப் போயிடுவாங்கன்னு..."

இவரும் அவள் கட்சி. "உன் பேரச் சொல்லியிருந்தா அன்னிக்கே பூட்டிச் சீல் வெச்சிருப்பாங்க. அது பயத்துல சொன்னது. நீ மொதல் நாளே உள்ள போயிருந்தா ஏது இந்தத் தொல்ல?"

எல்லாரும் நியாயம் பேசுகிறார்கள். நியாயமாகவே இருக்கட்டும். ஒரே வாக்கியத்தில் என் ஜன்னல், என் கூடம், என் புகைபோக்கி. பயத்தில் உளறுகிறவளுக்குப் புருஷன் ஆபீஸ் பெயர் மட்டும் எப்படி அத்தனை கோர்வையாக வந்தது?

தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? தெரியாமல் சொன்னாள் என்றால் இன்னும் ஆத்திரம். அவளுக்கு எல்லாம் இப்படித்தான். கேட்காமலே மடியில் விழும்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டு. ஒகேனக்கல்லுக்கு பஸ், வண்டி எல்லாம் கூட்டம். நாங்கள் போகவில்லை. யாரோடு யார் போவது.

கிணற்றடியில் வைத்துத் தாலிச்சரடு மாற்றிக்கொண்டேன். எனக்கு மஞ்சள் பூசி முடிச்சுப் போட வள்ளி வந்தாள். வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். சுமங்கலி கையால் போட வேண்டும் என்று ஊருக்கே தெரியும். எதிர் வீட்டு அம்மாளைக் கூப்பிட்டேன். வள்ளி மஞ்சள் கிண்ணத்தோடு நின்றுகொண்டே இருந்தாள்.

நேற்றே உத்தரவு கைக்கு வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் குடி போக வேண்டும். போகாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள். அவர் மதுவிலக்கு அதிகாரியாம், தொப்பூர் கணவாய்ப் பக்கம் சாராய வண்டி பிடிக்கிறவர். தருமபுரியில் வீடு இல்லாமல் சத்திரத்தில் இருக்கிறாராம்.

சுந்தரம் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறார். இவர் அவருக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றச் சொல்கிறார். ஆண்களுக்குக் குழம்பில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆடி 20, செவ்வாய்

மேகம் மூடி இருந்தது. நாலு தூற்றல், அவ்வளவுதான். விறகு மட்டும் நனைந்தது. புகை தாங்கவில்லை.

வள்ளி அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். ஊதுகுழலை என் கையிலிருந்து வாங்கி ஊதினாள். நிமிர்ந்தபோது அவளுக்கும் கண் சிவந்திருந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது.

"அக்கா, நாங்க முன்னாடி போனா என்னா, உன்னுது மாதிரிதான? கிஸ்ணகிரிக்காரங்க வரப்ப அங்கயே உக்கார வெச்சுப் பொண்ணு காட்டலாம். ஜானகி அங்கயே படுத்துக்கட்டும். பொகையில நீ சமைக்க வேணாம், ஒரே அடுப்பா வெச்சுக்கலாம்."

நல்ல யோசனைதான். தங்கையின் கூடத்தில், தங்கை விரித்த ஜமக்காளத்தில், தங்கை கொடுக்கும் காப்பியில் என் பெண்ணைப் பெண் பார்ப்பது. வருகிறவர்கள் யாரைப் பார்ப்பார்கள்? அந்த முடியையும் அந்தத் தோட்டையும் பார்த்துவிட்டு என் பெண்ணைப் பார்த்தால் அவள் கண்ணில் படுவாளா?

"பாக்கலாம்" என்றேன்.

பிறகு அவள் மெதுவாக: "இல்லேன்னா, உனக்கு இஷ்டமில்லேன்னா சொல்லிடு. இவங்கள வேண்டாம்னு எழுதிக் குடுக்கச் சொல்லிடறேன்."

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் முன்கட்டு எனக்கு வராது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மதுவிலக்குக்காரருக்குப் போகும்.

பெயர் தெரியாத ஒருத்தி அந்த ஜன்னலில் உட்கார்ந்தால்? யோசித்துப் பார்த்தேன். வயிறு எரியவில்லை. யாரோ, எவளோ. வள்ளி அங்கே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் மட்டும் எரிகிறது. கூடப் பிறந்தவள் மேல்தான் இது வருகிறது. கோமதி கண்ணாடி வைத்திருந்தாள், கோபம் வந்தது, வண்டி போனதும் கோபமும் போய்விட்டது.

பதில் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றேன்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. குரல்கூட உயரவில்லை.

ஆடி 23, வெள்ளி

புடவைக்குச் சோப்பு இல்லை. உவர்மண்.

சுந்தரம் எழுதிக் கொடுத்துவிட்டார். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை நடந்திருக்கிறது. தெருக்கோடியில் நின்று பேசினார்கள், காற்று கொண்டுவந்தது.

சுந்தரம்: "நாலு மாசமா அடுத்தவங்க வூட்ல கால மடக்கிப் படுத்துக் கெடக்கறேன். கையில வந்தத வுடுன்னா என்னா அர்த்தம்? உங்கக்காதான் சொன்னாங்களா?"

வள்ளி: "அக்கா ஒண்ணும் சொல்லல."

உண்மைதானே. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இவருக்கு விஷயம் தெரிந்ததும் என்னைப் பார்த்த பார்வை. "அந்நியன் வந்தாலும் பரவால்ல, கூடப் பொறந்தவ இருக்கக் கூடாதா உனக்கு?" நான் என்ன செய்தேன், அவளாகத்தானே செய்தாள் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

ஜானகி சின்னம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள்.

ஆடி 27, செவ்வாய்

மதுவிலக்கு அதிகாரி வீடு பார்க்க வந்தார். மீசை. கூடவே பெண்சாதி, வேலூர்ப் பக்கத்துக்காரி. ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். கிணற்றுக்கு எந்த வழி, யார் யார் இறைப்பீர்கள் என்று கேட்டாள். காலையில் எனக்குத்தான் முதலில் என்று இப்போதே சொல்லிவிட்டாள், அவருக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம்.

வாடகை விஷயத்தில் வீ.கா. ஏதோ இழுத்துப் பார்த்தார். அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டு, "கன்ட்ரோல் என்னா சொல்லுதோ அதான்" என்றார். வீ.கா. திரும்பிப் போகும்போது என்னிடம் நின்றார். "ஆடி ஆடின்னு ரெண்டு பேரும் கெட்டோமே தாயி."

கிருஷ்ணகிரியிலிருந்து ஆள் வந்தது. ஆவணி இரண்டாம் வாரம் வருகிறார்களாம். ஐந்தாறு பேர். எங்கே உட்கார வைப்பது என்று இவர் கேட்கவில்லை. ஜானகி தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள்.

ஆடி 30, வெள்ளி

விடியுமுன் வெடிச் சத்தம். சுதந்திரம் வந்துவிட்டது. தாலுகா ஆபீசில் கொடி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஊர்வலம், ஆளுக்கு ஒரு மிட்டாய். இவரும் சுந்தரமும் வெள்ளை உடுத்திக் கிளம்பினார்கள். ஒரு வாரத்துக்கப்புறம் இவர் என்னிடம், "வரியா?" என்றார். தலைவலி என்றேன்.

நாடே ஆடியில் குடி போகிறது. எனக்குத்தான் ஆவணி வேண்டியிருந்தது.

முன்கட்டுக்காரியும் இன்றைக்கே பால் காய்ச்சிவிட்டாள். "இதவிட நல்ல நாளு வேற எப்ப கெடைக்கும்?" ஒரு டம்ளர் பால் எனக்கும் கொண்டுவந்தாள். கூடத்தில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். தெரு முழுக்கத் தெரிந்தது. சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தாள், ரேஷனில் இவர்களுக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கிறதோ. பொறாமை இல்லை, சும்மா கேட்கிறேன்.

திரும்பி வந்தபோது வள்ளி கிணற்றடியில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். பட்டியலில் சுந்தரம் பெயர் கடைசிக்குப் போய்விட்டதாம். கிடைத்ததை வேண்டாம் என்றவருக்கு இனிமேல் சீக்கிரத்தில் கிடையாதாம். எங்கள் உள்ளில்தான், எங்கள் காலடியில்தான், எப்போது வரையோ.

பக்கத்தில் போய் நின்றேன். கேட்கக் கூடாது என்று எத்தனை நாள் அடக்கினேன், கேட்டுவிட்டேன்.

"ஏன்டி வுட்டுக் குடுத்த? நான் வேண்டாம்னு சொன்னனா?"

அவள் துணியைப் பிழிந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்தான்.

"நான் அந்த வூட்டுக்குப் போயிட்டா நீ என்கூடப் பேசவே மாட்டியேக்கா. அம்மா அப்பா யாரு இருக்கறாங்க எனக்கு? வூடு இன்னொண்ணு கெடைக்கும்."

"அப்படியெல்லாம் இல்லடி" என்று சொல்ல வேண்டும். நாக்கு வரை வந்தது. அவள் நிமிர்ந்து, நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.